செல்லும் தேதியும் பதிந்த தேதியும்

1. ஹீட்டர்

எங்கள் போர்டிங் பள்ளி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் அதற்குத்தான் ஹீட்டர் போட்டார்கள். எழுபதுகளில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, எண்பதுகளின் நடுவில் ஹெட் கிளார்க் ஆனவள் நான். அத்தனை வருஷமும் கொடைக்கானல் குளிரில் விரல் விறைத்துப்போய் டைப் அடித்திருக்கிறேன். ஹீட்டர் கேட்டால், அலுவலகத்தைக் கவனித்துவந்த பர்சார், "ஸ்வெட்டர் போட்டுக்கோங்க பாக்கியம்" என்பார். மெஷினுக்கு ஈரம் ஆகாதாம். எனக்கு ஆகுமாம்.

ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார ஒருத்தியையும் கூட்டிவந்தார். பெயர் ரஜனி. இலங்கையிலிருந்து வந்த தோட்டத்துக் குடும்பம். அப்பா, அம்மா இருவரும் கீழ்மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தார்கள். இவள் மதுரையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தாள். அவள் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அவளுக்கு டீ கப்பும் சாசருமாகப் போனது, எனக்கு அதே பழைய கிளாஸ். வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டார்களா? என்னுடைய தபால் ரெஜிஸ்டரையும் நிறுத்திவிட்டார் பர்சார். வரும் கடிதங்களை நாள்வாரியாக என் கையெழுத்தில் பதிந்துவந்த ரெஜிஸ்டர் அது. இனி எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும், இரட்டை வேலை வேண்டாம் என்றார். பூம்பாறையில் எங்கள் வீட்டுப் பூண்டுத் தோட்டத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

2. தேதிக்குப் பெயர் வைத்தது

முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றியது அவுட்டிங் அனுமதியை. எந்தப் பிள்ளையை யார் வந்து கேட்டால் வெளியே அனுப்பலாம் என்ற விவரம் அது. பெற்றோர் கடிதம் எழுதுவார்கள், நான் ஒரு சீட்டில் சுருக்கி எழுதிக் கொடுப்பேன், ரஜனி அடிப்பாள். எந்தெந்த விவரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று முடிவுசெய்ய எங்கள் இருவரையும் பர்சார் கூப்பிட்டார். தேதிக்கு நான் 'அமல் தேதி' என்று சொன்னேன். சர்க்கார் ஆபீஸில் புழங்கும் கம்பீரமான சொல். பர்சாருக்கும் பிடித்திருந்தது.

ரஜனி ஒரு தேதி போதாது என்றாள். அனுமதி எந்த நாளிலிருந்து பொருந்தும் என்பது ஒன்று, அது நம் பதிவில் எந்த நாள் ஏறியது என்பது இன்னொன்று. முதலாவதற்குச் 'செல்லும் தேதி', இரண்டாவதற்குப் 'பதிந்த தேதி' என்று பெயர் வைக்கலாம் என்றாள். செல்லும் தேதி பெற்றோர் சொல்கிறபடி முன்னே பின்னே போகலாம். பதிந்த தேதியில் யாரும் கைவைக்கக் கூடாது, மெஷினே போட்டுக்கொள்ளும். பழைய பதிவையும் அழிக்கக் கூடாது, அதன் கீழே புதியதைச் சேர்க்கவேண்டும்.

"ஒரே சோலிக்கு ரெண்டு தேதியா? அப்பறம் ஆளாளுக்கு ஒன்னச் சொல்லிக்கிட்டுத் திரியணும்" என்றேன்.

பர்சார் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினார். அவள் இஷ்டப்படி இரண்டு தேதியும் மெஷினுக்குள் இருக்கட்டும், பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் நான் சொன்னபடி ஒரே தேதி வரட்டும், பேப்பரும் மிச்சம் என்றார். ஆனால் அந்த ஒரு தேதிக்கும் அவள் வைத்த பெயரையே போட்டுவிட்டார். அமல் தேதி அன்றோடு காலி. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

3. செவ்வாய்க்கிழமை

அந்த ஐப்பசியில் நல்ல மழை. வத்தலகுண்டு ரோட்டில் மண் சரிந்து தபால் பஸ் வரவில்லை, பழனி ரோடு மட்டும் திறந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அந்த வழியாக ஒரு ஜீப்பில் ஒருவர் வந்தார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய சித்தப்பா. அனுமதியில் அவர் பெயர் இருந்தது, பையனும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை ரோடு திறந்து தபால் வந்தது. அதில் பையனுடைய அப்பா கம்பத்திலிருந்து எழுதிய கடிதம்: தம்பியோடு சொத்துத் தகராறு, திங்கட்கிழமை முதல் அவனோடு பிள்ளையை அனுப்பக் கூடாது. சீட்டு எழுதினேன், ரஜனி அடித்தாள். பையன்தான் ஏற்கெனவே போய்விட்டானே! உடனே அப்பாவுக்குத் தந்தி கொடுத்தோம். சித்தப்பா பையனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு பங்கு பேசியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் தலையிட்டுத்தான் மீட்டார்கள்.

மறுவாரம் அப்பா நேரே பர்சார் அறைக்கு வந்துவிட்டார். மேஜைமேல் என் கையெழுத்துப் போட்ட அவுட்டிங் சீட்டு கிடந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் பிரிண்ட்: சித்தப்பாவுக்கு அனுமதி ரத்து, செல்லும் தேதி திங்கள்.

"திங்கக்கிழமையே கூடாதுன்னு ஒங்க மெஷினே சொல்லுது. செவ்வாக்கிழம இந்தம்மா அனுப்பியிருக்கு. துட்டு வாங்கிட்டுத்தான அனுப்பியிருக்கும்?" என்றார் அப்பா.

கடிதமே வியாழக்கிழமைதான் வந்தது என்றேன். பர்சார் உறையைக் கேட்டார். உறைகளையெல்லாம் பிள்ளைகள் ஸ்டாம்பு சேர்க்க வாங்கிப் போய்விடுவார்கள். தபால் ரெஜிஸ்டரோ நிறுத்தியாயிற்று. பர்சார் என் முகத்தைப் பார்க்காமல், நாளை முதல் வீட்டில் இருங்கள், கமிட்டி கூடி முடிவுசெய்யும் என்றார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலை போவதைவிட, துட்டு வாங்கியவள் என்ற பெயரோடு போவதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

பிரிண்ட் கொண்டுவந்த ரஜனி கதவோரம் நின்றாள். அவள் வாயைத் திறப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நானாக இருந்தால் திறந்திருப்பேனா என்று கேட்காதீர்கள்.

"சார், இந்த பிரிண்ட்ட வச்சு அக்காவ ஏச ஏலாது" என்றாள். "இது இன்னைக்குத் தெரிஞ்சதை வச்சு திங்கக்கிழமையைச் சொல்லுது. செவ்வாக்கிழம ஆபீசுக்கு என்ன தெரியும்னுதானே பாக்கணும்? அத நான் எடுத்துக் குடுக்குறேன்."

அப்பாவையும் பர்சாரையும் செருப்பைக் கழற்றவைத்துத் தன் அறைக்குள் கூட்டிப்போனாள். செவ்வாய்வரை பதிந்தவை மட்டும் என்று மெஷினிடம் கேட்டாள். பிரிண்டர் கிறீச்சிட்டு ஒரு தாளைத் தள்ளியது. சித்தப்பா, அனுமதி உண்டு. அடுத்து வியாழன்வரை பதிந்தவை. அனுமதி ரத்து, செல்லும் தேதி திங்கள், பதிந்த தேதி வியாழன்.

அப்பா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்த வாரம் ரோடு அடைத்துக் கிடந்தது அவருக்கும் தெரியும். "மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இருக்கச் சொன்னதைப் பர்சாரும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நான் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் என் மேஜைக்குத் திரும்பினேன். அவளோ, "லெட்டர் வந்த அன்னைக்கே நீங்க சீட்டு எழுதித் தருவீங்கதானே அக்கா, அதாலதான் தப்பிச்சோம்" என்று பாதிப் பெருமையை என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பேசாமல் இருந்து என்னைக் கைவிட்டிருந்தால் நிம்மதியாகத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

4. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

அடுத்த வருஷம் அவள் பெங்களூரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் நாற்காலியும் ஹீட்டரும் எனக்கு வந்தன. நான் ஓய்வுபெறும்வரை எல்லாப் பிரிண்டிலும் இரண்டு தேதியும் வந்தது. டேட்டாபேஸில் வேலை செய்கிற பிள்ளைகள் இப்போது இதற்குப் பெரிய பெரிய ஆங்கிலப் பெயர் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும், ஒருவர்மேல் குற்றம் சொல்லும் முன் இரண்டையும் கேளுங்கள்: அது எப்போதிலிருந்து உண்மை, எப்போது பதிவில் ஏறியது? பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். அழித்திருந்தால் நான் அன்றே வீட்டுக்குப் போயிருப்பேன்.

இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்ட ஜூனியர்களுக்கெல்லாம், "ஆபீஸ் வழக்கம்" என்றுதான் சொல்லிவந்தேன். அவளைப் பற்றி நான் போடவேண்டிய பதிவு ஒன்று பாக்கி இருக்கிறது. ரஜனி என்னைவிடக் கெட்டிக்காரி. செல்லும் தேதி, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போன முதல் நாள். பதிந்த தேதி, இன்று.