இரண்டு மரியான்பிள்ளைகள்

1988 இலையுதிர்காலம். ஹோர்சன்ஸ் நகரின் டேனிஷ் வகுப்பில் வருகைப் பட்டியலை வாசித்துக்கொண்டுபோன ஆசிரியை சட்டென்று நிமிர்ந்தார்.

"கத்தரீனா மரியான்பிள்ளை, அந்தோனிதாசன் மரியான்பிள்ளை. நீங்கள் அக்கா தம்பியா?"

வகுப்பிலிருந்த தமிழர்கள் சிரித்தார்கள். தமிழரின் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துகொள்ளும் நாட்டில் இப்படிப்பட்ட குழப்பம் புதிதல்ல. கத்தரீனாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. அவளுக்கு ஐந்து வயதானபோது, மன்னாரிலிருந்து முல்லைத்தீவு மீன்வாடிக்குத் தொழிலுக்குப் போன அப்பா திரும்பி வரவேயில்லை. அங்கே வேறு குடும்பம் என்று ஊர் கதைத்தது. அம்மா 1979இல் சாகும்வரை அந்தப் பேச்சை வாயில் எடுக்கவில்லை. தாயைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே கத்தரீனாவின் கலியாண வயது கடந்துவிட்டது.

இடைவேளையில் கோப்பிக் கோப்பையோடு அந்தோனிதாசனிடம் போனாள்.

"தம்பி, உங்கட அப்பா எந்த ஊர்?"

"முல்லைத்தீவிலைதான் இருந்தவர். பிறந்தது மன்னார்ப் பக்கம் எண்டு அம்மா சொல்லுவா. எனக்குப் பத்து வயசிலை காய்ச்சல் வந்து செத்திட்டார்."

"அவருக்குப் பூசணிக்காய் பிடிக்குமோ?"

அவன் வியந்துபோனான். "கண்ணிலையும் காட்டேலாது. ஏன் அக்கா?"

முல்லைத்தீவுக்குப் போய்த் திரும்பாத தன் அப்பாவும் பூசணிக்காயைத் தொடமாட்டார் என்று அவள் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தான். "பூசணிக்காய் பிடிக்காத ஆம்பிளையள் ஆயிரம் பேர் இருப்பினம்."

அதுவும் உண்மைதான். இருவரிடமும் அப்பாவின் படம் இல்லை. ஆனாலும் கத்தரீனா முல்லைத்தீவுப் பங்குக் கோவிலுக்கு, அவருடைய பதிவைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். ஞாயிறுகளில் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் கறியில் புளி பிழியும் விதத்தை, கதவடியில் சப்பாத்தைக் கழற்றும் விதத்தைக் கவனித்தாள். தன்னுடைய விரல்களையும் அவனுடைய விரல்களையும் ஒப்பிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் அவன் சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டிருந்தான்.

"அக்கா, இதை இப்ப கிண்டாதேங்கோ. மனுசி விக்ரோரியாவை இங்கை கூப்பிட விண்ணப்பிச்சு ரெண்டு வருசமாப் போச்சு. ஒரு மறுமொழியுமில்லை. அப்பாவுக்கு முதல் ஒரு குடும்பம் இருந்ததெண்டு வெளிக்கிட்டால், நான் விண்ணப்பத்திலை குடுத்த விபரமெல்லாம் பொய் எண்டு நினைப்பாங்கள்."

அந்த நாட்களில் தமிழர் எல்லோருக்கும் அதே கதைதான். மனைவிமாரின் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்தன. கத்தரீனா தலையாட்டினாள். இரண்டாவது கடிதம் எழுதவில்லை. முதற்கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் விக்ரோரியா வந்து சேர்ந்தாள். அவளைப் பார்க்கப் போன கத்தரீனாவை மேசையருகே இருத்திவிட்டு, அந்தோனிதாசன் ஒரு கடதாசியை விரித்தான்.

"மாமி, இவரின்ரை அம்மா, எல்லாப் பத்திரத்தையும் கட்டித் தந்துவிட்டவ," என்றாள் விக்ரோரியா.

அது அவன் பெற்றோரின் விவாகப் பதிவு. வருடம் 1956. மணமகன் மரியான்பிள்ளை, வயது முப்பத்துநான்கு, பிறந்த இடம் மன்னார். தகப்பன் பெயர் தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. அதன்கீழே, 'மனைவியை இழந்தவர்.'

கத்தரீனா அந்தச் சொற்களை மூன்று முறை வாசித்தாள். 1956இல் அம்மா மன்னாரில் வலை பின்னி அவளை வளர்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மாவைக் கடதாசியில் சாகடித்துவிட்டா இன்னொருத்தியைக் கட்டினார்? இல்லை, இவர் உண்மையிலேயே மனைவியை இழந்த வேறொரு மரியான்பிள்ளையா?

"உங்கட அம்மா அப்ப உயிரோட இருந்தவ எல்லே?" என்று கேட்டான் அந்தோனிதாசன்.

"ஓம்."

"அப்ப இவர் வேறை ஆள் அக்கா." அவன் குரலில் அடக்க முடியாத நிம்மதி தெரிந்தது. பொய்யெழுதாத அப்பா அவனுக்குக் கிடைத்துவிட்டார். விக்ரோரியாவின் முகமும் தெளிந்தது.

கத்தரீனா கடதாசியை மடிப்புக் குலையாமல் மடித்துக் கொடுத்தாள். "ஓம் தம்பி. வேறை ஆள்தான்."

வசந்தத்தில் அவனுக்கு எஸ்பியர்க் நகரின் மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெட்டிகளை ரயிலடிவரை கொண்டுபோய்க் கொடுக்கக் கத்தரீனாவும் போனாள். விக்ரோரியா கட்டிப்பிடித்தாள். அவன், "அக்கா, வந்து நிண்டிட்டுப் போங்கோ," என்றான். வாறன் என்றாள். ரயில் போனது. மாலை வேலைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தாள்.