நானூற்றுப் பதினெட்டாம் வில்லை

எந்த இடத்துக்குப் போனாலும் லோரெட் கிராவெல் கடைசி ஆளாகத்தான் கிளம்புவாள். கல்யாணமோ, சாவோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசையோ, தனக்கு முன்னால் உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளியே போன பிறகுதான் கோட்டை மாட்டுவாள். டோனட் கடையில் காபி ஆறி ஆடை கட்டிப் போயிருக்கும். கழிப்பறைக்குப் போன யாரோ ஒருவர் இன்னும் திரும்பவில்லை என்று உட்கார்ந்திருப்பாள். ஹார்னெட் லேக் ஊரே இதை நாற்பது வருஷமாகக் கவனித்து வந்தது. வம்பு கேட்கத்தான் உட்காருகிறாள் என்றார்கள் சிலர். புருஷன் ரோசேர் போன பிறகு காலி வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, பாவம் என்றார்கள் சிலர். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தின் விளக்கறைச் சன்னலுக்குப் பின்னால் நின்றவள் அவள். இறங்குகிறவனுக்குத் தலைவிளக்கை எடுத்துக் கொடுப்பாள், ஏறி வந்தவனிடமிருந்து வாங்கி வைப்பாள். ஆனால் முக்கியமான வேலை எதிர்ச் சுவரில் இருந்த பலகை. அதன் இடப்பக்கம் 'மேலே', வலப்பக்கம் 'கீழே'. ஒவ்வொருவனுக்கும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. கீழே இறக்கும் கூண்டில் ஏறுவதற்கு முன் வில்லையை வலப்பக்க ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் இடப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். ஷிஃப்ட் முடிந்து கீழே பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தில், லோரெட் பலகையைப் பார்த்துவிட்டுப் போனில் "கீழே யாருமில்லை" என்று சொன்னால்தான் வெடி. வலப்பக்கம் ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் சொல்ல மாட்டாள்.

தொங்கினால், பெரும்பாலும் எவனாவது மாற்ற மறந்து வீட்டுக்குப் போயிருப்பான். ஆள் அனுப்பி, ஈரத்தலையும் வீட்டுச் செருப்புமாக அவனைப் பனியில் இழுத்து வருவார்கள். அவன் கையால்தான் மாற்ற வேண்டும். இன்னொருவன் கை அந்த வில்லையில் படக்கூடாது. வெடியைத் தாமதப்படுத்திய குற்றத்துக்கு மறுநாள் ஷிஃப்ட் முழுவதற்கும் அவன் டோனட் வாங்கிப் போட வேண்டும். ஒரு தடவை மேனேஜரே மறந்துபோய்ச் சன்னலுக்கு வெளியே நின்று கத்தினார்.

"ஏம்மா, நான்தான் உன் கண்ணு முன்னாடி நிக்கறேனே!"

"நிக்கறீங்க. ஆனா வில்லை கீழ தொங்குது. நீங்க இன்னும் கீழதான் இருக்கீங்க."

அன்றிலிருந்து அவளுக்குப் 'பூட்டு' என்று பேர் விழுந்தது. மேனேஜரும் டோனட் வாங்கினார்.

இவ்வளவு பேரைக் கீழே அனுப்பியவள், கீழே எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. பெண் கால் வைத்தால் பாறைக்குக் கோபம் வரும் என்பது அங்கே பழைய பேச்சு. அப்பா சொன்னார், ரோசேரும் சொன்னான். சட்டம் மாறிய பிறகும் கிழவர்கள் சொன்னார்கள். அவளும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

1994 ஜூன் மாதம் சுரங்கத்தை மூடினார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, கூண்டு இறங்கும் ஷாஃப்டின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைக்க அரசாங்கத்திலிருந்து பணம் வந்தது. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி என்று நாள் குறித்தாகிவிட்டது. கம்பெனிக் கிடங்கில் பெட்டிக்குள் கிடந்த பழைய பலகையை எடுத்து ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் முன்கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்து மாட்டினார்கள். "எல்லாம் சரியா இருக்கான்னு நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க," என்று மேயர் டார்லீன் திங்கட்கிழமை லோரெட்டைக் காரில் அழைத்து வந்தாள்.

இடப்பக்கம் காலி. கடைசி நாளன்று அவரவர் வில்லையை ஞாபகத்துக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வலப்பக்கம், மூன்றாவது வரிசை ஓரத்தில், ஒரே ஒரு வில்லை. 418. அதன் வளையம் உடைந்து, மஞ்சள் வெடிக்கம்பியால் ஆணியோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தது. அதனால்தான் பெட்டிக்குள் இத்தனை வருஷம் உருண்டும் விழவில்லை.

"நேரா இருக்குல்ல?" என்றாள் டார்லீன்.

லோரெட் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்தக் கடைசி நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்ததுதான் கஷ்டம். மதியம் அறுபத்து மூன்று பேரும் ஏறி வந்தார்கள். வலப்பக்கம் சுத்தமாகக் காலியாக இருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். நான்கு மணிக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்துவதாக ஏற்பாடு. நிறுத்தினால் கீழே எல்லாம் தண்ணீரில் மூழ்கும். அதற்கு முன் அவள் இன்னொரு தடவை பலகையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு, கூண்டு ஓட்டும் தவுனோ சன்னலைத் தட்டி, "பூட்டு, இன்னிக்கு விட்டா இனிமே கெடையாது. வர்றியா?" என்று கேட்டார். அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பலகையை விட்டுவிட்டு, யாருடைய பூட்ஸையோ மாட்டிக்கொண்டு, நாற்பது நிமிஷம் கீழே போய் வந்தாள். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்து நேராக விருந்து மண்டபத்துக்குப் போனாள். நான்கு மணிக்கு அங்கிருந்தே, கையில் ஒயின் கோப்பையோடு, போனில் "கீழே யாருமில்லை" என்றாள். இது தவுனோவைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லும் தைரியமும் அவளுக்கு இல்லை.

அப்படியானால் அவள் பலகையை விட்டுப் போன பிறகு யாரோ இறங்கியிருக்கிறான். அவன் மேலே வரவில்லை. அவள் பார்க்காமல் சொன்ன சொல்லுக்குப் பம்பு நின்றது.

செவ்வாய்க்கிழமைக்குள் டோனட் கடைக்குச் சேதி வந்துவிட்டது.

"நானூத்திப் பதினெட்டு வில்ஃபோடது," என்றார் பழைய சுரங்கக்காரர் ஆன்டே, சீட்டைக் கலைத்துக்கொண்டே.

"என்னோடது நூத்தி நாப்பத்தொண்ணுடா. வீட்ல சாவிக்கொத்துல கெடக்கு," என்றார் எதிரில் இருந்த வில்ஃப்.

"உனக்கு உம் பொண்டாட்டி பொறந்த நாளே ஞாபகமில்ல. நம்பரு ஞாபகம் இருக்காக்கும்?"

"அது ஞாபகம் இருந்திருந்தா நான் ஏண்டா தெனம் இங்க வந்து உம் மூஞ்சியப் பாக்கறேன்?"

சிரிப்பு அடங்கியதும் ஆன்டே சீட்டைக் கீழே வைத்தார். "வெளையாட்டு இல்ல. நானூறு வரிசை நம்ம ஆளுங்களுக்குக் கெடையாது. வெளியாளுக்கு. அன்னிக்குக் குழாய் கழட்ட கான்ட்ராக்ட் பசங்க வந்திருந்தாங்களே..."

ஓரத்து மேஜையில் லோரெட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஒரு சிவப்புத் தொப்பி ஞாபகம் வந்தது. அன்று காலை சன்னலில் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்ட பையன். பெயர் தெரியாது. மறுபடி அவனைப் பார்த்த ஞாபகம் இல்லை. பார்த்த ஞாபகமும் இல்லை, பார்க்காத ஞாபகமும் இல்லை. தொப்பி சிவப்பா, ஆரஞ்சா என்பதுகூட யோசிக்க யோசிக்கக் கலங்கிப்போனது.

காபி வாங்க வந்த டார்லீனை வில்ஃப் மறித்தார். "வெள்ளிக்கிழமை கான்கிரீட் வேணாம், டார்லீன். கீழ ஆள் இருக்கான்."

"இருவத்திரண்டு வருஷமா தண்ணிக்குள்ள யாரு இருக்கா, வில்ஃப்? காணோம்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா? லாரி நூத்தி எம்பது கிலோமீட்டர் தள்ளிருந்து வருது. அந்த வில்லை வெறும் பித்தளைங்க."

"உனக்குப் பித்தளை. வில்லை மாறாம நாங்க எதையும் மூடினதில்ல. ரோட்டுக் குறுக்க எங்க வண்டிய நிறுத்திடுவோம்."

"யாரு மாத்தறது அப்போ?"

"அதோட ஆள்தான்."

"அதான் யாருங்கறேன்!"

ஆன்டே லோரெட் பக்கம் திரும்பினார். "பூட்டு, நீதான அன்னிக்குச் சொன்ன? பாத்துட்டுத்தான சொன்ன?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன்," என்றாள் லோரெட்.

சொல்லும்போதே அது மதியத்துக்கு உண்மை, நாலு மணிக்குப் பொய் என்று தோன்றியது. அன்றைக்கு அவள் கடையிலிருந்து முதல் ஆளாக எழுந்து போனாள். கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புதனும் வியாழனும் பழைய முகவரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போன் செய்தாள். பைப் கான்ட்ராக்ட் கம்பெனி எப்போதோ மூடியிருந்தது. அதில் வேலை பார்த்த ஒருவர், ஆறு பேர் வந்தோம் என்றார். இன்னொருவர் ஏழு என்றார். ஆறா ஏழா என்று முதலாமவரைத் திரும்பக் கேட்டபோது, "அஞ்சுன்னு நெனைக்கிறேன்," என்றார். பட்டாணி சூப் அடுப்பில் அடிப்பிடித்தது. வியாழன் சாயங்காலம் ஆனதும் அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. முதியோர் இல்லத்துக்கு வண்டியை எடுத்தாள்.

தவுனோவுக்கு எண்பத்தாறு வயது. ஏரியைப் பார்த்த சன்னல் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

"ஐலி, வந்துட்டியா? காபி போட்டியா?" என்றார். ஐலி அவருடைய தங்கை. செத்து முப்பது வருஷம் ஆகிறது.

"நான் லோரெட், தவுனோ. வெளக்கறை லோரெட்."

"காபி கசக்கும் பாத்துக்க. நீ எப்பவும் அள்ளிப் போட்டுருவ."

அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "கடைசி நாள் ஞாபகம் இருக்கா? குழாய் கழட்ட வந்த பையன், செவப்புத் தொப்பி. அவன் நம்ம பின்னாடி எறங்கினானா?"

"செவப்புத் தொப்பியா? அவன் என் கல்யாணத்துக்கு வந்தவனாச்சே."

"தவுனோ, நல்லா யோசிங்க. நானூத்திப் பதினெட்டு."

கிழவருடைய விரல்கள் போர்வை நுனியைப் பிடித்து முறுக்கத் தொடங்கின. "அதுக்கு வளையம் ஒடஞ்சு போச்சு. வெடிக்கம்பி மஞ்சளா ஒண்ணு கெடந்துச்சு. அதப் போட்டு முறுக்கினேன்."

லோரெட் முன்னால் சாய்ந்தாள். மஞ்சள் கம்பியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"யாருக்காக முறுக்கினீங்க?"

"பூட்டுக்குத்தான். வில்லையில்லாம என் கூண்டுல ஏசுநாதரே வந்தாலும் ஏத்த மாட்டேன். நீயே மாட்டும்மான்னா பயந்து ஓடிருவா. அவ குனிஞ்சு பூட்ஸ் போட்டுட்டு இருந்தா, நானே மாட்டிட்டேன். தப்புதான். அடுத்தவங்க வில்லையத் தொடக்கூடாது." போர்வை நுனியை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் திரும்பினார். "மேல வந்ததும் அவ கையால மாத்திக்குவான்னு நெனச்சேன். மாத்திட்டாளா, ஐலி?"

லோரெட் அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள். வண்டிக்குத் திரும்பி வந்து சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் சாகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டும். வந்தது சந்தோஷமா, வெட்கமா என்று தெரியவில்லை. ஊரில் ஒவ்வொருவன் வில்லையையும் பார்த்தவளுக்குத் தனக்கும் ஒன்று இருக்கலாம் என்று தோன்றவேயில்லை. மேனேஜருக்கு அன்று சொன்ன பதில் திரும்பி வந்து உறுத்தியது. அந்தக் கணக்குப்படி அவள் இருபத்திரண்டு வருஷமாகக் கீழேதான் இருக்கிறாள். அப்படியானால் ரோசேரை அடக்கம் செய்தது யார்? டோனட் கடையில் எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தது யார்? அபத்தம்தான். ஆனாலும் வழி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினாள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு மறுபடி சுற்றி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பனி விழுந்தது. வில்ஃபும் ஆன்டேயும் இன்னும் சிலரும் ஷாஃப்டுக்குப் போகிற ரோட்டில் வண்டிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு, அரங்கத்தின் முன்கூடத்தில் வந்து நின்றார்கள். மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோரெட் கையுறையைக் கழற்றினாள். "கண்ணாடியத் தொற, டார்லீன்."

"நீங்க எதுக்கு லோரெட்? அந்த ஆள்..."

"நான்தான் அந்த ஆள்."

சொல்லிவிட்டாள். தவுனோவோடு இறங்கியதை, பலகையை விட்டுப் போனதை, நாலு மணிக்குப் பார்க்காமல் சொன்னதை, செவ்வாய்க்கிழமை பொய் சொன்னதை, முன்னுக்குப் பின் முரணாக, நடுவில் சிவப்புத் தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். டார்லீன் கண்ணாடியைத் திறந்தாள். மஞ்சள் கம்பி லேசில் பிரியவில்லை. ஆன்டே உதவிக்குக் கையை நீட்டி, ஞாபகம் வந்தவராகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நகம் கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் வில்லை கழன்றது. லோரெட் அதை இடப்பக்கம் மாட்டினாள்.

ரத்தம் பட்ட விரலைக் கோட்டில் துடைத்தாள்.

"பாக்காமலா சொன்ன?" என்று வில்ஃப் மெல்லக் கேட்டார். "நீயா?"

"ஆமா."

அவர் முகத்தில் வந்தது கோபமா, பயமா என்று லோரெட்டால் படிக்க முடியவில்லை. அவருடைய தம்பி அந்தக் கடைசி ஷிஃப்டில் இருந்தவன்.

பின்னால் இருந்து ஆன்டேயின் குரல் வந்தது. "அதெல்லாம் கெடக்கட்டும். இருவத்திரண்டு வருஷம் வெடிய நிறுத்தி வெச்சிருக்கா. டோனட் எங்க?"

"டோனட்!" என்று இன்னொருவர் கத்தினார். அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். கடைசியில் வில்ஃபும்.

லோரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஷிஃப்ட் முழுக்கன்னா முழுக்க. சட்டம் சட்டந்தான். அறுபத்து மூணு பேரும் வந்து நில்லுங்க, வாங்கித் தர்றேன்."

"பாதிப் பேரு கல்லறையில இருக்கான், மீதி வேற சுரங்கம் தேடி யெல்லோநைஃப் போயிட்டான்!" என்றார் ஆன்டே.

"அது என் தப்பா?"

வண்டிகளை எடுத்தார்கள். பதினொன்றரைக்குக் கான்கிரீட் விழுந்தது.

அதற்குப் பிறகும் லோரெட் எல்லா இடத்திலிருந்தும் கடைசியாகத்தான் கிளம்பினாள். ஏன் என்று கேட்டால், "இப்ப எதுக்குன்னு எனக்கே தெரியல," என்பாள். சிவப்புத் தொப்பி போட்ட யாராவது கடைக்குள் நுழைந்தால் மட்டும், அவன் வெளியே போகும்வரை பேச்சை நிறுத்திவிடுவாள். டோனட்டை ஆன்டே வாரத்துக்கு ஒருமுறை கேட்டார். அவளும் வாரத்துக்கு ஒருமுறை தலையை எண்ணி, ஆள் குறைகிறது என்றாள்.

இரண்டு குளிர்காலம் கழித்து, பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து மாதா கோயில் கீழ்த்தளத்தில் காபி கொடுத்தார்கள். நீள மேஜையில் முட்டை சாண்ட்விச்சும் இறைச்சி அடையும் இருந்தன. வில்ஃப் ஒவ்வொரு தட்டின் மூடியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தார்.

"என்னடா தேடற?" என்றார் ஆன்டே.

"டோனட் இல்ல."

"அவ இன்னும் வாங்கித் தரலடா," என்றார் ஆன்டே.