பதினொரு நாள் குறைவு

யாங்கூனின் புதிய மத்திய ரயில் நிலையத்துக்காக எங்கள் வரிசை வீடுகளை இடிக்க வந்தார்கள். பத்து வருடம் குடியிருந்தவர்களுக்கு மட்டுமே மாற்று வீடு. பக்கத்து வீட்டு முனியம்மா, பத்து வருடம் ஆகிவிட்டது என்றாள். நான் தினமும் டைரி எழுதுபவன் என்பதால் அதிகாரி என்னிடம் கேட்டார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே," என்றாள் அவள் தமிழில்.

நான் டைரியைப் புரட்டி, அவள் குடிவந்த தேதியைப் பர்மிய மொழியில் வாசித்தேன். பதினொரு நாள் குறைந்தது. அதிகாரி பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

"உங்க சம்சாரம் படுத்துக் கிடந்தப்ப நாலு மாசம் குளிப்பாட்டினேனே, அதுவும் அதுல இருக்காண்ணே?"

"இருக்கும்," என்றேன்.

அவள் போன பிறகு தேடினேன். மருந்து கொடுத்த வேளை, காய்ச்சலின் அளவு எல்லாம் இருந்தன. முனியம்மாவின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

அந்த டைரியில் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை.