முத்தையன்கட்டில் ஸ்கொட்லாந்துக்காக நடந்த வாக்கெடுப்பு

2001 பங்குனியில் நான் வன்னிக்குப் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அம்மாவின் ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருட நினைவு. மற்றது தங்கச்சி வசந்தியை அங்கிருந்து வெளியே கொண்டுவருவது. முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்கள் இந்தத் தளத்தில் அடிக்கடி வழி கேட்கிறீர்கள். இன்றைய வழியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அன்றைய வழி.

நான் 1990 இல் நாட்டை விட்டுப் போனவன். அலைந்து திரிந்து கடைசியில் ஸ்கொட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில் தங்கினேன். வடகடலில் எண்ணெய் எடுப்பவர்களின் ஊர் அது. நான் வேலை செய்தது ஒரு பெற்றோல் நிலையத்தில். எண்ணெய் எங்கள் கடலில், வரி லண்டனுக்கு என்று ஒருவர் திட்டிவிட்டுப் போவார். எண்ணெய் வற்றினால் லண்டன்தான் சோறு போடும் என்று அடுத்தவர் சொல்லுவார். இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு காசு வாங்கிப் போட்ட வருடங்கள் அவை. அம்மாவும் வசந்தியும் 1995 இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்து, பல இடம் மாறி, முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரையில் ஒரு குடிலில் நின்றார்கள். வசந்தி அங்கே உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தாள். அம்மா அங்கேயே காய்ச்சலில் இறந்தா. செத்தவீட்டுக்கு என்னால் வர முடியவில்லை.

பிரிட்டிஷ் பாஸ்போட்டைக் கொழும்பில் மச்சான் வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, பழைய அடையாள அட்டையோடு ரயிலேறினேன். வவுனியாவில் உள்ளே போகும் அனுமதிப் பாஸ் எடுக்கவே இரண்டு நாள் போனது. அங்கிருந்து மன்னார் வீதியால் பிரமனாலங்குளம். ஆமியின் சோதனைச் சாவடியில் வரிசை நிழலில்லாத வெட்டையில் நின்றது. என் பையில் இருந்த ரோச் லைற் பற்றரிகளையும் குளிக்கக் கொண்டுவந்த சவுக்காரத்தில் பாதியையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். உள்ளே கொண்டுபோகக் கூடாத சாமான்கள். பிறகு ஆளில்லாத பகுதியைக் கடக்க வேண்டும், மறுபக்கத்தில் போராளி இயக்கத்தின் சாவடி, இன்னொரு பாஸ், திரும்பவும் அதே கேள்விகள். ஒரே தீவுக்குள் ஒரு எல்லையைக் கடக்க ஒரு பகல் முழுதும் போனது. இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடுவில் ஒரு பெயர்ப்பலகைதான் நிற்கிறது. பஸ்ஸில் தூங்கிவிட்டால் அதையும் காணமாட்டீர்கள்.

மல்லாவியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் மாங்குளம் போனேன். அங்கே வசந்தி அனுப்பிய உழவு இயந்திரம் காத்து நின்றது. ஓட்டியவர் ராமையா, அவளுடைய மாணவி செல்வியின் தகப்பன். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில்தான் வரும். அன்று அந்த வீதியில் அது அரைநாள் பயணம். டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடிய இயந்திரம் அடிக்கடி இருமியது. நெல்லு வெட்டி முடிந்த வயல்கள் இரு பக்கமும் காய்ந்து கிடந்தன.

ராமையா மலையகத்து ஆள். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். இத்தனை வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது அவருடைய அண்ணனைக் கப்பலேற்றி அனுப்பினார்களாம், இவர் இங்கே நின்றாராம். நான் இருக்கும் ஊரைப் பற்றி விசாரித்தார். சொந்தப் பாராளுமன்றம் வேண்டுமா என்று நாலு வருடத்துக்கு முதல் அங்கே சனத்திடம் வாக்குக் கேட்டார்கள், வேண்டும் என்றார்கள், இப்போது வந்துவிட்டது என்று சொன்னேன்.

“ஆளுங்கள கேட்டுத்தான் செஞ்சாங்களா?” என்றார்.

ஓம் என்றேன். 

திவசம் ஒழுங்காக நடந்தது. ஐயர் சைக்கிளில் வந்தார். அம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறி வைத்தோம். அடுத்த நாளே வசந்தியிடம் விசயத்தைத் தொடங்கினேன். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், பிறகு என்னோடு வந்துவிடு என்றேன். பாடசாலையில் ஒரு விவாதம் இருக்கிறது, அது முடியட்டும் என்றாள்.

தனிநாட்டுக்காகப் போர் நடக்கிற மண்ணில் அவள் வைத்த விவாதத் தலைப்பு இது: ‘ஸ்கொட்லாந்து பிரித்தானியாவை விட்டுப் பிரிந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநாடாகச் சேர்வது பொருளாதார ரீதியில் நன்மையே.’ என்னுடைய கடிதங்களில் எழுதிய பெற்றோல் நிலையக் கதைகளிலிருந்துதான் அதைப் பிடித்திருந்தாள். பாடத்திட்டத்தில் பொருளாதார ஒருங்கிணைப்பு என்று ஒரு அலகு இருக்கிறது, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்றாள். பிரியலாம் என்ற பக்கத்துக்கு வகுப்பு முழுதும் கை உயர்த்தியது. பிரியக் கூடாது என்ற பக்கத்துக்கு ஒருவரும் இல்லை. பெற்றோர் மறித்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கும் பயம். அதனால் அந்தப் பக்கத்தை வசந்தியே எடுத்துக்கொண்டாள். எதிரே பேசப்போகிறவள் செல்வி.

விவாதத்துக்கு முதல் நாள் பின்னேரம் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான இயக்கத்து ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பது வயது கூட இராது. மரியாதையாகத்தான் கதைத்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். தலைப்பை மாற்றலாமே என்றார். மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பக்கம் வெல்ல வேண்டும் என்பது ரீச்சருக்கு விளங்கும்தானே என்றார்.

வசந்தி சொன்னாள்: “முடிவு முதலே தெரிஞ்சால் அதுக்குப் பேர் விவாதமில்லை, தம்பி. மனப்பாடம். அதை நான் படிப்பிக்கிறேல்லை.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். கார்பரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போனார்.

இதை விட்டுவிடு என்று நான் கெஞ்சினேன். நாங்கள் வெளியே போவதற்கான பாஸும் அவர்களின் கையில்தான் இருக்கிறது என்றேன்.

“ஒரு பக்கம் பற்றரியைப் பறிக்குது, மற்றப் பக்கம் கேள்வியைப் பறிக்குது. பற்றரி இல்லாமல் இருக்கலாம், அண்ணை” என்றாள்.



விவாதம் அடுத்த நாள் பின்னேரம் நடந்தது. கிடுகால் வேய்ந்த கொட்டில், மணல் தரை, கரும்பலகையில் தலைப்பு. பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நடுவராக வருவதாகச் சொன்ன அதிபருக்குத் திடீரென்று தலையிடி. அதனால் நடுவர் வேண்டாம், சபையே முடிவு செய்யட்டும் என்று வசந்தி அறிவித்தாள்.

செல்வி முதலில் பேசினாள். ஒல்லிப் பிள்ளை, குரல் மட்டும் கொட்டிலை நிரப்பியது. நோர்வேயும் டென்மார்க்கும் சிறிய நாடுகள்தான், அவை பிச்சை எடுக்கவில்லை என்றாள். தன் கடலில் எடுக்கும் எண்ணெய்க்கு வரி போடத் தனக்கே அதிகாரம் இல்லாத நாடு எப்படித் தொழில் வளர்க்கும் என்று கேட்டாள். ஒரு ஒன்றியத்தை விட்டு இன்னொரு ஒன்றியத்தில் சேர்வது முட்டாள்தனம் என்பவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது. தனிநாடாகச் சேர்ந்தால் மேசையில் ஒரு கதிரை இருக்கும், பிடிக்காவிட்டால் எழும்பி வரலாம். எழும்ப விடாத வீட்டை ஒன்றியம் என்று சொல்ல முடியாது. கைதட்டல் நிற்க நேரம் எடுத்தது.

வசந்தி மெதுவாகத் தொடங்கினாள். ஸ்கொட்லாந்து விற்கும் பொருட்களில் பெரும்பகுதியை வாங்குவது இங்கிலாந்து. நல்ல வாடிக்கைக்காரனின் வாசலில் வேலி போட்டுவிட்டுத் தூரத்துச் சந்தைக்கு நடப்பதா? எந்தக் காசைப் பாவிப்பது? பவுணை வைத்திருந்தால் வட்டியை லண்டன்தான் தீர்மானிக்கும். யூரோவுக்குப் போனால் இன்னொரு தூரத்து ஊர் தீர்மானிக்கும். பழைய கடனில் பங்கு யார் தலையில்? பிறகு குளத்துக்கு வந்தாள். இடதுகரையும் வலதுகரையும் ஒரே குளத்தில் குடிப்பதால்தான் மழை பொய்த்த வருடத்திலும் ஒரு கரை முற்றாகச் சாவதில்லை என்றாள். பெரிய ஒன்றியத்தின் பலன் அதுதான் என்றாள்.

அடுத்து அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. “எல்லையிலை ஒரு கம்பியை இழுத்தால் சவுக்காரம் என்ன விலைக்குப் போகும் எண்டு உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பொறுப்பாளர் கட்டிய கையை அவிழ்த்தார். 

செல்வி பதில் சொல்ல எழும்பினாள். “கம்பியை ஆர் இழுத்தது எண்டு ரீச்சர் சொல்லேல்லை. குளம் ஒண்டுதான், சரி. துருசுத் திறப்பு ஆற்றை கையிலை?” என்றாள்.

துருசு என்பது குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் கதவு; அதன் சாவி யாருடைய கையில் என்றுதான் கேட்டாள். கொட்டில் முழுதும் ஆமோதித்தது. வசந்தியும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். தன் மாணவியிடம் வசமாக அடி வாங்கிய சந்தோசம் அவள் முகத்தில் தெரிந்தது.

வாக்கெடுப்புக்கு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தார்கள். மறைப்பாகக் கட்டிய ஒரு சேலைக்குப் பின்னால் இரண்டு முட்டிகள், சின்ன மண்பானைகள். ஒன்றில் ‘பிரி’, மற்றதில் ‘சேர்’ என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. சனம் வரிசையில் போய், சேலைக்குப் பின்னால் கொஞ்சம் நின்று, மறுபக்கத்தால் வந்தது. நானும் போட்டேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு நான் போட்ட முதல் வாக்கு அது.

எல்லோரும் திரும்ப வந்து இருந்தபிறகு பொறுப்பாளர் எழும்பினார். சனம் என்ன நினைக்குது என்று எல்லோருக்கும் தெரியும், எண்ணி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை, கூட்டத்தை முடிக்கலாம் என்றார். வசந்தி முட்டிகளுக்கு முன்னால் நகராமல் நின்றாள். பின்வரிசையில் ராமையா எழும்பினார்.

“எங்கள எத்தனையோ தடவ எண்ணியிருக்காங்க, தம்பி. கப்பலுக்கு எண்ணினாங்க, நிவாரணத்துக்கு எண்ணினாங்க. எங்கள கேட்டது இன்னைக்குத்தான். கேட்டுட்டீங்கல்ல, பதில எண்ணிட்டுப் போங்க.”

சொல்லிவிட்டு அவர் திரும்ப இருக்காமல் நின்றார். பக்கத்தில் ஒரு பெண் எழும்பினா. பிறகு ஒவ்வொருவராக, ஒரு சத்தமும் இல்லாமல், பின்பாதி முழுதும் எழும்பி நின்றது. பொறுப்பாளர் அவர்களைப் பார்த்தார். கடைசியில் கதிரையில் இருந்து, எண்ணுங்கோ என்றார்.

செல்வியும் இன்னொரு மாணவியும் எல்லோரும் பார்க்கச் சாக்கில் கொட்டி எண்ணினார்கள். ‘பிரி’ வென்றது, தெளிவாகவே வென்றது. ஆனால் ‘சேர்’ முட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்திருந்தது. கைதட்டல் எழும்பி, பாதியில் அடங்கியது. சனம் அக்கம்பக்கத்தைப் பார்த்தது. தன் பக்கத்தில் இருப்பவர் எதைப் போட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வேறு விதமாக நினைக்கும் சனமும் தங்களுக்குள் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ராமையாவின் கொட்டை எந்த முட்டிக்குள் போனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வசந்தியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பின்னேரமே விட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டார்களாம். விவாதத்தில் நான் தோற்றேன், வென்றவர்களிடம் எதற்கு மன்னிப்பு என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு தவணைக்கு உயர்தர வகுப்பை அவளிடமிருந்து எடுத்து ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புக்கு அவள் சந்தை, விலை, பண்டமாற்று என்று தொடங்கிவிட்டாள்.

என் பாஸ் பிந்தி வந்தது. அவளுக்கு நான் பாஸ் கேட்கவே அவள் விடவில்லை. என்னை அனுப்ப மாங்குளம் வரை உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்தாள். “இஞ்சை இன்னும் கேக்கக் கேள்வி இருக்கு, அண்ணை” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் வவுனியா வந்து சேர்வதற்குள் பெருமையாக மாறியிருந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2009 இல் கடைசிப் போரில் இடம்பெயர்ந்து போன ராமையா திரும்பி வரவில்லை. வசந்தி முகாமில் இருந்து வெளியே வந்து, ஓய்வு பெறும் வரை அதே பகுதியில் படிப்பித்தாள். செல்வி இப்போது பொருளியல் ஆசிரியை.

2014 இல் ஸ்கொட்லாந்தில் என்னிடமும் கேட்டார்கள், வாக்குப் போட்டேன். பிரியவில்லை. பிறகு பிரித்தானியாவே ஐரோப்பாவை விட்டு வெளியேறியது. இப்போது பிரிந்துபோய் ஐரோப்பாவில் மறுபடி சேரலாம் என்கிறார்கள். நாணயம், கடன், எல்லை, சந்தை என்று கிடுகுக் கொட்டிலில் கேட்ட அதே கேள்விகளைத் தொலைக்காட்சியில் கோட் போட்டவர்கள் கேட்கிறார்கள். கணக்குச் சரிவராது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சரிவராமலும் போகலாம். கணக்குச் சரிவரும் வரைக்கும் சனத்தைக் கேட்கக் கூடாது என்பவர்களோடுதான் சண்டை. அவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றாலும் சரி.

இனி வழி. கொழும்பு கோட்டையிலிருந்து ரயிலில் மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவு பஸ்ஸில் ஒட்டுசுட்டான் போகலாம். அங்கிருந்து முத்தையன்கட்டுக்கு ஓட்டோ. மாசி, பங்குனியில் போங்கள், குளத்தில் தண்ணீர் இருக்கும், வீதி காய்ந்திருக்கும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். கண்ணிவெடிப் பலகை எங்காவது தெரிந்தால் வீதியை விட்டு இறங்காதீர்கள். ஆட்களிடம் அப்போது என்ன நடந்தது என்று கேட்டுப் படம் எடுக்காதீர்கள். இனி என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் வர நேரம் எடுக்கும். அடுத்த பஸ் வரட்டும், இருந்து கேளுங்கள்.