மலைக்குக் கீழே குடியிருப்பவர்

மேசைமேல் கவிழ்த்து வைத்த அந்தச் சீட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அக்கா அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மலையில் மழைநீரும் மண்ணும் எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராய்வது அவர் தொழில். எங்கள் தீவில் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில், காடு மூடிய ஒரு மலைச்சரிவை வெட்டி வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. காட்டுக்குச் சந்தையில் விலை கிடையாது. அதனால் விஷயம் தெரிந்தவர்களைக் கூட்டி, அது தடுத்து நிறுத்தும் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் ஆளுக்கொரு பணமதிப்பைப் பெயர் போடாமல் இரண்டு சுற்றாக எழுதச் சொன்னார்கள். கடைசிச் சுற்றின் சராசரி, வீடுகளின் லாபத்தைத் தாண்டினால் காடு பிழைக்கும். பொருளாதாரம் படித்தவன் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள்.

முதல் சுற்றில் காடு மயிரிழையில் தப்பியது. ஒரு சீட்டில் மட்டும் மதிப்பு எகிறியிருந்தது. யாருடையது என்று கேட்கக் கூடாது, ஆனால் எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள். இரண்டாம் சுற்றுக்கு எழுதி முடித்ததும், இந்த முடிவால் சொந்த லாப நஷ்டம் உள்ளவர் யாராவது உண்டா என்று டத்தோ பட்டம் பெற்ற தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். அக்காவின் அம்மா எங்கே இருக்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"டத்தோ, எங்கம்மா அந்த மலைக்குக் கீழ ஃப்ளாட்லதான் இருக்காங்க," என்றார் அக்கா.

"அப்படின்னா உங்க சீட்ட சேர்க்க முடியாதும்மா. ரூல்ஸ் லா," என்றார் தலைவர்.

அக்கா சீட்டைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சராசரி இறங்கிவிட்டது. மண் யார் தலையில் விழுமோ அவர் பேசக் கூடாதாம், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலையே இல்லாத கரையில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நடுநிலையாளர்களாம்! அங்கேயே எழுந்து இதைச் சொன்னேன். குறிப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அக்கா மீதும்தான் கோபம்.

இப்போது அந்தச் சரிவு மொட்டையாக நிற்கிறது. சென்ற வாரம் அடைமழையில் அக்கா கூப்பிட்டார் என்று அவர் அம்மாவின் ஃப்ளாட்டுக்கு ஓடினேன். தரைத்தள வீடு, பின்ஜன்னலுக்கு நேரே மலை. வேறெங்கும் வரமாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல, அக்கா?"

"மறைச்சிருந்தா பின்னால தெரியாமலா போயிடும், தம்பி? அப்புறம் அந்தக் காட்டப் பத்தி நான் சொன்னதெல்லாம் அம்மாவுக்காகச் சொன்ன பொய்னு ஆயிடும். அது பொய் இல்ல."

சொல்லிவிட்டு, அம்மாவின் கட்டிலைப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு இழுக்கத் தொடங்கினார். மறுமுனையை நான் பிடித்தேன்.