நடைபாதையில் முழங்காலிட்ட உறுப்பினர்

ஜபேஸ் ட்ரெம்பத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் ஜெபவீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் அவனைப் புதைத்தோம். நல்லது சொல்ல நிறையவே இருக்கிறது. ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பாராளுமன்றத்தில் அவன் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அதை மறைத்துவிட்டு எழுத என்னால் ஆகாது.

நாங்கள் இருவரும் தாமசின் என்ற தாமிரச் சுரங்கத்தில் ஒரே குழுவில் வேலை பார்த்தவர்கள். எங்கள் அப்பாக்கள் கார்ன்வாலிலிருந்து ஒரே கப்பலில் தென் ஆஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கியவர்கள். ஜபேஸுக்குப் பள்ளிக்கூட வாசனையே கிடையாது. பைபிளை மடியில் வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தான். சரியான சாப்பாட்டு ராமன். கறியும் உருளைக்கிழங்கும் வைத்த பாஸ்டி இரண்டை ஒரே மூச்சில் முடித்துவிட்டு என் டப்பாவை எட்டிப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் பிரசங்கம் செய்ய எழுந்தால் மட்டும் ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

தாமசினுக்கு அப்போது ஒரே குழிதான். ஏறுவதும் இறங்குவதும் அதில்தான். 1888இல் அந்தக் குழியின் ஏணிகள் தீப்பிடித்தன. கீழே இருந்த பதினொரு பேரும் வெளியே வர வேறு வழியில்லாமல் புகையிலேயே செத்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி சாமுவேல். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டாவது குழி வெட்டியாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவர, அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் ஜபேஸைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். வேறு எதற்காகவும் இல்லை, அந்த ஒன்றுக்காகத்தான்.

ஊர் சேர்ந்து அவனுக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "முதுகுல இறுக்குதுடா டிகரி. பேச எழுந்தா தையல் பிரிஞ்சிடும்" என்றான் என்னிடம்.

"அப்ப உட்கார்ந்துகிட்டே கத்துங்க. இங்க வீட்டுல அப்படித்தானே நடக்குது" என்றாள் அவன் மனைவி லவ்டே.

பாராளுமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு ஊருக்குப் போகிற வேலை வந்தால், எதிர்த்தரப்பு ஆள் ஒருவரோடு கைகுலுக்கி ஜோடி போட்டுக்கொள்வார். சொன்ன நாள் வரைக்கும் இருவருமே வாக்குப் போடமாட்டார்கள். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, கைகுலுக்கியதுதான் எல்லாம். செத்தவர்களின் முதல் வருஷ ஆராதனைக்கு ஊருக்கு வர வேண்டியிருந்ததால், ஜபேஸ் புதன்கிழமை வரைக்கும் ஆல்டஸ் விட்காமோடு ஜோடி போட்டான். விட்காம் பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர், சுரங்கத்தில் பங்கும் வைத்திருந்தவர், எங்கள் சட்டத்துக்கு முதல் எதிரி. அந்த மனிதர், "நானும் வர்றேன் ட்ரெம்பத். உங்க பிரசங்கத்தக் கேக்கணும்" என்று கூடவே ரயிலேறி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜபேஸ் பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தான். ஒன்பதாவது பெயரில் விட்காம் எழுந்தார். நேரே முன்னால் போய், மனந்திரும்புகிறவர்களின் பெஞ்சில் முழங்காலிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். எங்களுக்கு அதைவிடப் பெரிய காரியம் கிடையாது. அந்தப் பெஞ்சில் முழங்காலிட்டவனிடம் நேற்று நீ யார் என்று நாங்கள் கேட்பதில்லை. லவ்டே அவருக்குக் குங்குமப்பூ ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

சட்டம் புதன்கிழமைக்குப் பிறகுதான் வருவதாக இருந்தது. திடீரென்று செவ்வாய்க்கிழமையே எடுத்துவிட்டார்கள். ஜபேஸ் அன்றைக்கே தலைநகரம் திரும்பியிருந்தான். ஜோடி போட்டவன் என்பதால் மன்றத்துக்குள் போகாமல் வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எங்கள் தரப்புக் கொறடா வந்து, "நீயும் இல்ல, விட்காமும் இல்ல. நமக்கு ஒரு வாக்கு கூட இருக்கு. நிம்மதியா உட்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாக்கெடுப்பு மணி அடித்தது. மணி நின்றதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே விட்காம் தலையைக் குனிந்துகொண்டு ஜபேஸைத் தாண்டி உள்ளே போனார். கொறடா பதறியடித்துக்கொண்டு கதவருகே வந்தார். "ஜபேஸ், அவன் வந்துட்டான். எழுந்து உள்ள வா."

ஜபேஸ் சிரித்தானாம். "பயப்படாதீங்க. அவரு நமக்காகத்தான் வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, அந்த நடைபாதையிலேயே முழங்காலிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தான். கதவு பூட்டப்பட்டது. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. சபாநாயகர் வழக்கப்படி, இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று தன் வாக்கைப் போட்டார். சட்டம் செத்தது. பத்தடி நடந்திருந்தால் பிழைத்திருக்கும்.

இதையெல்லாம் சுரங்க முற்றத்தில், முந்நூறு பேர் நடுவில், அவனே எங்களுக்குச் சொன்னான். முதலில் "துரோகி" என்று கத்தியது நான்தான்.

"மணி அடிச்சப்ப உனக்குக் காலு இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருந்துச்சு."

"அவன் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"முழங்கால் போட்டு அழுதவரு. நான் நம்பினேன்."

"எதை வச்சுடா நம்பின? பிரசங்கம் பண்றவனுக்குப் புத்தி வேணாமா?"

ஜபேஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். மறுநாளே பதவியை விட்டான். திங்கட்கிழமை காலை கோட்டைக் கழற்றிவிட்டு அதே ஒற்றைக் குழியில் எங்களுக்கு முன்னால் ஏணியில் இறங்கினான். தலைநகரத்தில் கடை வைக்க ஆள் கூப்பிட்டும் போகவில்லை. இரண்டாவது குழி வெட்ட இன்னும் எட்டு வருஷம் பிடித்தது. அந்த எட்டு வருஷமும் அவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

எதை வைத்து நம்பினான் என்பது எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் என்னைச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போய், "டிகரி, எனக்கு மனசு ஒப்பல. அந்த ஆளு நெசமாவே திரும்பிட்டாரா? செத்தது உன் தம்பி. நீ சொன்னா நம்புறேன்" என்று கேட்டான்.

"நான் அவரு பக்கத்துலதான் முழங்கால் போட்டேன். கண்ணீர் என் கைமேலயே விழுந்துச்சு. இனிமே அவரு நம்ம ஆளு. சந்தேகப்பட்டா பாவம்டா" என்றேன்.

முற்றத்தில் இதைச் சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகாவது யாரிடமாவது சொல்லியிருப்பான், வீட்டிலாவது சொல்லியிருப்பான் என்றுதான் இருபது வருஷமாக லவ்டேயின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் கல்லறையில் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பியப் பறிகொடுத்தவரு நீங்க. ஊருல அவர் மேல கோவப்பட நியாயம் இருந்தது உங்களுக்கு மட்டும்தாண்ணே" என்றாள்.