எண்ணெய் பட்ட வாய்

காட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் மெந்தோமோ யானைக்குக் குரல் கொடுப்பாள். "சம்பந்தியம்மா, நான்தான் வர்றேன்! தின்னது போக எனக்கும் கொஞ்சம் விட்டு வை!" உள்ளே கிளை முறிகிற சத்தம் கேட்டால் உட்கார்ந்து புகையிலை போடுவாள். கேட்காவிட்டால் கூடையோடு நுழைவாள். மோவாபி மரத்துப் பழத்தில் சதை யானைக்கு, கொட்டை இவளுக்கு. அதை வறுத்து இடித்துப் பிழிந்த எண்ணெய்தான் எங்கள் ஊர்ச் சட்டிகளில் எல்லாம்.

இந்த ஊருக்கு வாத்தியாராக வந்த புதிதில் கைகால் முடங்கிக் கிடந்தேன். அந்த எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து எழுப்பி உட்காரவைத்தவள் அவள். "செத்துகித்துத் தொலைச்சிடாதீங்க வாத்தியாரே, புள்ளைங்க லீவு கேக்கும்." நான் இன்று நடமாடுவது அவள் புண்ணியம்.

மெந்தோமோவின் கொழுந்தன் எலா மரம் அறுக்கிறவன். காட்டோரம் நிற்கும் குடும்பத்து மோவாபியை வெட்டிக் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் தகரக் கூரை என்றார் மரவியாபாரி. எலா தலையாட்டிவிட்டான். மழை வந்தால் மெந்தோமோவின் கட்டில் மேலேயே சட்டி வைக்க வேண்டும். ஆனாலும் மாட்டேன் என்றாள். "தகரத்தை வறுத்தா எண்ணெய் வருமா?"

ஒரு மரத்தின் எண்ணெயைத் தின்றவன், அடுத்து அது பழுக்கும்வரை அதில் இரும்பு வைக்கக் கூடாது என்பது இங்கே ஊர்க் கட்டுப்பாடு. மோவாபி மறுபடி பழுக்க இரண்டு வருஷமும் ஆகும், மூன்றும் ஆகும். அதனால் பழம் விழத் தொடங்கியதிலிருந்து எலா வெறும் வாழைக்காயை அவித்துத் தின்று காலம் தள்ளினான். "அண்ணி சட்டிப் பக்கம் மூக்கைக்கூட நீட்ட மாட்டேன்." மெந்தோமோ சண்டைக்குப் போகவில்லை. தன் கூரைக்கென்று ஓலைத் தட்டி முடைந்துகொண்டிருந்தாள். "எங்கையால வளந்த வயிறு. எவ்வளவு நாளைக்குக் கோவிச்சுக்கும்?"

போன செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்துவிட்டது. ரம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு எலா வந்தான். பாதையோரம் பலகை போட்டு உட்கார்ந்து அவள் அந்த மரத்து எண்ணெயில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டிகள் கட்டாக இருந்தன.

"எடுத்துட்டுப் போ. உன் கூரைக்குப் போதும்."

"இது உன் வீட்டுக்கு முடைஞ்சதாச்சே, அண்ணி?"

"எனக்கென்ன, ஒழுகினா கட்டிலை நகத்திப் போட்டுக்குவேன். சாப்பிட்டியா?"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். எலா தட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரம்பத்தை இறக்கி வைத்து, குந்தி உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துக் கடித்தான்.

"உப்பு பத்தல, அண்ணி."

மெந்தோமோ கையால் உப்புச் சிரட்டையை நீட்டினாள். காலால் ரம்பத்தை மெல்லத் தன் பலகைக்கு அடியில் தள்ளினாள்.